இந்தியாவில் ரயில் முற்பதிவு: யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர் எந்த வழியைத் தேர்வது?

பலாலியிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் விமானச் சேவைகளும் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பற்சேவையும் தொடங்கிய பிறகு, கொழும்புவரை போய்க் கட்டுநாயக்காவில் காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால், கடலைக் கடப்பது பயணத்தின் இலகுவான பகுதியாகிவிட்டது. ஆனால் சிதம்பரத்துக்கு மார்கழித் திருவாதிரைக்குப் புறப்படுகிறவர்களும், வேலூருக்கு வைத்தியத்துக்காகப் பெற்றோரை அழைத்துச் செல்கிறவர்களும், காசி, இராமேசுவரம் என்று தல யாத்திரை போகிறவர்களும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். அக்கரையில் ரயில் சீட்டை யார் மூலம், எப்போது, எப்படி எடுப்பது என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. சுற்றுலாக் குழுவோடு போகாமல் தாமாகப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்களுக்காக, இருக்கின்ற ஐந்து வழிகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் நம்மிடமுள்ள ஒரு பழக்கத்தை விட்டுவிட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் புகையிரதத்தில் ஆசனம் கிடைக்காதவர், அன்றைக்கே சீட்டெடுத்து மூன்றாம் வகுப்பில் நின்றாவது போய்ச் சேரலாம் என்ற நம்பிக்கையோடு வளர்ந்தவர்கள் நாம். இந்தியாவின் நெடுந்தூர ரயில்களில் முற்பதிவுப் பெட்டிகளும் முற்பதிவற்ற பொதுப் பெட்டிகளும் தனித்தனி உலகங்கள். அவற்றுக்கிடையே நமக்குப் பழக்கமே இல்லாத 'வெயிட்டிங் லிஸ்ட்' என்னும் காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது. இணையத்தில் வாங்கிய சீட்டு, பயணிகள் அட்டவணை தயாராகும் வேளையிலும் காத்திருப்பிலேயே இருந்தால், அது தானாக இரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அந்தத் தாளைக் காட்டி ரயிலில் ஏற முடியாது. 'ஆர்ஏசி' என்று வந்தால் ஏறலாம், ஆனால் பக்கவாட்டிலுள்ள கீழ்ப்படுக்கை ஒன்றை இருவர் பகிர்ந்து உட்கார்ந்தபடி போக நேரலாம். 'உறுதி' என்று எழுதியிருப்பது மட்டுமே முழுமையான சீட்டு. இந்த மூன்றின் வேறுபாடு தெரியாமல் புறப்பட்டுப் போய், நடுஇரவில் பொதிகளோடு மேடையில் நின்ற குடும்பங்களை நான் அறிவேன்.

எதை வைத்து அளப்பது

விலை கடைசியாக வரட்டும். இந்திய ரயில் கட்டணம் நமது விமானச் செலவோடு ஒப்பிடும்போது சிறியது. அதில் சில நூறு ரூபாயை மிச்சம்பிடிக்கப் போய் மருத்துவமனை நாளையோ திரும்பும் விமானத்தையோ தவறவிடுவது பெரிய இழப்பு. எனவே நான் முதலில் பார்ப்பது, அந்த வழியால் உறுதியான படுக்கை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை. இரண்டாவது, இலங்கைக் கடவுச்சீட்டு, இலங்கை வங்கி அட்டை, இலங்கைத் தொலைபேசி எண் ஆகியவற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இங்கிருந்தே அதைச் செய்து முடிக்கலாமா என்பது. மூன்றாவது, திகதி மாறினால் என்ன ஆகும் என்பது. வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கு இதுவே தலையாய கேள்வி. நான்காவது, ஏதேனும் பிழைத்தால் அதைச் சரிசெய்யும் பொறுப்பும் அதிகாரமும் யாரிடம் இருக்கும் என்பது. இவை நான்குக்கும் பிறகுதான், வெளியே தெரியும் கட்டணமும் தெரியாத செலவும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக எடுக்கவேண்டிய முடிவு, இந்தியாவில் எங்கே இறங்குவது என்பது. தஞ்சாவூர், மதுரை, பழனி போகிறவர் பழக்கத்தால் சென்னைக்குப் பறந்து, பிறகு இரவு ரயிலுக்கு அலைவதற்குப் பதிலாகத் திருச்சியில் இறங்கினால், நெருக்கடி மிகுந்த அந்த இரவு ரயிலே தேவைப்படாது. நாகபட்டினத்தில் இறங்குகிறவருக்கு வேளாங்கண்ணி, திருவாரூர், தஞ்சாவூர் எல்லாம் பகற்பயணத் தொலைவுதான்.

தன் பெயரில் ஐஆர்சிடிசி கணக்கு

இந்திய ரயில்வேயின் சீட்டுகளை இணையத்தில் விற்பது ஐஆர்சிடிசி நிறுவனம். மேக்மைட்ரிப், இக்ஸிகோ போன்ற செயலிகளில் வாங்கினாலும் இறுதியில் ஐஆர்சிடிசியின் பயனர் கணக்கு ஒன்றைக் கேட்கும் என்பதால், நேரே அங்கேயே கணக்குத் திறப்பது நல்லது. வெளிநாட்டுத் தொலைபேசி எண்ணோடு பதிவு செய்வதற்குச் சிறு பதிவுக் கட்டணம் உண்டு. சரிபார்க்கும் இலக்கம் மின்னஞ்சலுக்கு வரும். சீட்டொன்றுக்குக் குளிரூட்டிய வகுப்பாயின் 30 இந்திய ரூபாயும், குளிரூட்டாத வகுப்பாயின் 15 ரூபாயும் வரியோடு சேவைக் கட்டணமாகப் போகும். இரத்துச் செய்தாலும் அது திரும்பாது.

இந்த வழியின் பெரிய நன்மை, அதிகாரம் முழுவதும் உங்கள் கையில் இருப்பது. இரத்துச் செய்யவும், ஏறும் நிலையத்தை மாற்றவும் எவரையும் கெஞ்ச வேண்டியதில்லை. வயோதிபப் பெற்றோரோடு போகிறவர், கீழ்ப்படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்ற தெரிவைத் தாமே இடலாம். அடுத்தவர் பதியும்போது இதைக் கவனிப்பது அரிது. பயணியின் நாடு இந்தியா அல்ல, இலங்கை என்று தேர்ந்து கடவுச்சீட்டு எண்ணைக் கொடுப்பதும் அப்படித்தான். நம்மவர் பெயர்கள் நீளமானவை, அந்தப் பெயர்ப் பெட்டியோ சிறியது. கடவுச்சீட்டிலுள்ள பெயரின் எந்தப் பகுதியைச் சுருக்கினாலும் பரிசோதகர் பார்த்தவுடன் அடையாளம் காணும்படி நீங்களே சுருக்கிவிடலாம்.

இனி இடர்கள். முற்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பயண நாள் அந்தக் கணக்கில் சேராது. அறுபதாம் நாள் காலை 8 மணிக்குத் திறக்கும். இரு நாடுகளுக்கும் கடிகாரம் ஒன்றே என்பதால் நேரக் குழப்பம் இல்லை. ஆனால் 2025 அக்டோபர் 1 முதல் இணையத்தில் திறக்கும் அந்த முதல் வேளை, ஆதார் என்னும் இந்திய அடையாள எண் மூலம் உறுதிசெய்யப்பட்ட கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டது. முதலில் 15 நிமிடமாக இருந்த அந்த ஒதுக்கம் பின்னர் நீட்டப்பட்டது. சாதாரண வாரநாட்களில் இது பெரிய தடை அல்ல. பொங்கல், தீபாவளி, மே மாத விடுமுறை என்றால், நமக்கு வாசல் திறக்கும்போது உள்ளே காத்திருப்புப் பட்டியல்தான் இருக்கும்.

அதைவிடக் கடுமையானது தட்கல். ரயில் தன் தொடக்க நிலையத்திலிருந்து புறப்படும் நாளுக்கு முதல்நாள், குளிரூட்டிய வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கும் இந்த அவசர ஒதுக்கீடு, 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் ஆதார் கணக்குடையவர்களுக்கு மட்டுமே. ஆதார் இல்லாத இலங்கையர் தம் கணக்கில் தட்கலை நம்பித் திட்டமிடவே கூடாது. பழைய அனுபவத்தில் 'கடைசியில் தட்கல் இருக்குத்தானே' என்று சொல்லும் உறவினர்களின் ஆலோசனை இன்றைக்குப் பொருந்தாது.

மறைந்த செலவு வங்கி அட்டையில் இருக்கிறது. வெளிநாட்டு அட்டையை எல்லாக் கொடுப்பனவு வழிகளும் ஏற்பதில்லை. முதல் முயற்சியில் மறுக்கப்பட்டால் வேறொரு வழியைத் தேர்ந்து பார்க்க வேண்டும். நாணயமாற்று வீதத்திலும் வங்கிக் கட்டணத்திலும் போகும்போது ஒரு பங்கும், இரத்துச் செய்து பணம் திரும்பும்போது இன்னொரு பங்கும் கழியும். இதைவிட முக்கியமானது, வங்கி அனுப்பும் ஓடிபி இலக்கம் உங்கள் இலங்கை எண்ணுக்கே வரும் என்பது. இந்தியா போய் உள்ளூர்ச் சிம் அட்டையை மாற்றிக்கொண்டவுடன் அந்த இலக்கம் வந்து சேராமல் போகும். ரோமிங் வசதியைப் புறப்படுமுன் திறந்து வைப்பது, அல்லது திரும்பும் சீட்டையும் இங்கிருந்தே வாங்கிவிடுவது, இரண்டில் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்.

உறவினரின் கணக்கு

திருச்சியிலோ வளசரவாக்கத்திலோ ஒரு சித்தியோ மாமாவோ இல்லாத யாழ்ப்பாணக் குடும்பங்கள் குறைவு. அவர்களிடம் ஆதாரோடு இணைத்த கணக்கு இருந்தால், நமக்குப் பூட்டியிருக்கும் இரண்டு கதவுகளும் திறக்கும்: அறுபதாம் நாளின் முதல் வேளையும் தட்கலும். ஆதார் கேட்கப்படுவது கணக்குடையவரிடம். பயணி கடவுச்சீட்டோடு போகலாம். உறவினருக்கும் நண்பருக்கும் தன் கணக்கில் சீட்டெடுத்துக் கொடுப்பது சட்டத்துக்கு உட்பட்டதே. அதை வியாபாரமாகச் செய்வதுதான் 1989ஆம் ஆண்டின் ரயில்வேச் சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி குற்றம். ஒரு கணக்கில் மாதத்துக்கு ஆதார் இணைத்திருந்தால் 24 சீட்டும் இல்லாவிட்டால் 12 சீட்டும் எடுக்கலாம். ஒரு சீட்டில் ஆறு பேர்வரை அடங்கலாம். தட்கலில் நான்கு பேர் மட்டுமே. ஐந்து பேர் போகும் குடும்பம் தட்கலில் இரண்டு சீட்டாகப் பிரிய வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே உறவினரிடம் சொல்லி வையுங்கள்.

தட்கலுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. தூங்கும் வசதிப் பெட்டியில் அது 100 முதல் 200 ரூபாய்வரையும், மூன்றடுக்குக் குளிரூட்டிய வகுப்பில் 300 முதல் 400 ரூபாய்வரையும் அமையும். உறுதியான தட்கல் சீட்டை இரத்துச் செய்தால் ஒரு சதமும் திரும்பாது. ஆகவே திகதி மாறக்கூடியவருக்கு இது முதல் தெரிவு ஆகாது. மாறிய திகதிக்குப் புதுச்சீட்டு எடுப்பதற்கான கடைசிக் கருவி என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழியின் உண்மையான செலவு பணத்தில் இல்லை. காலை பத்து மணிக்கு வேலையில் இருக்கும் ஒருவரை, நமக்காகக் கைத்தொலைபேசியோடு உட்காரச் சொல்கிறோம். சீட்டுக்கு அவர் செலவழித்த பணத்தை நம்மிடம் வாங்கக் கூச்சப்படுவார். கொடுக்காமல் விட நமக்கு மனம் வராது. பிறகு அம்மாவின் பரிசோதனை இரண்டு நாள் தள்ளிப்போனால், அந்தக் கூச்சத்தோடு மறுபடி அழைக்க வேண்டும். நான் கண்ட நல்ல ஏற்பாடு இது: திட்டமிடக்கூடிய சீட்டுகளைத் தன் கணக்கிலேயே எடுத்துவிட்டு, உறவினரை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது, பயணிகளின் பெயர், வயது, கடவுச்சீட்டு எண் எல்லாவற்றையும் எழுத்தில் முன்பே அனுப்பி, அவர் அவசரத்தில் கேட்டு எழுதும் நிலையை வைக்காதிருப்பது.

பயண முகவர்

யாழ்ப்பாணத்தில் விமானச்சீட்டு எடுத்துக் கொடுக்கும் முகவர்கள் பலர், கேட்டால் இந்திய ரயில் சீட்டையும் சேர்த்துத் தருவதாகச் சொல்வார்கள். இணையத்தில் பழக்கமில்லாதவருக்கும், காசிவரை போய்ப் பல இடங்களில் ரயில் மாறுகிறவருக்கும் இது ஆறுதலான வழி. ஆனால் அனுமதி பெற்ற முகவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு: தட்கல் திறந்து முதல் 30 நிமிடம் அவர்கள் சீட்டெடுக்க முடியாது. நெரிசலான தடத்தில் அரை மணி நேரம் கழித்துப் போனால் மிஞ்சுவது சொற்பமே. தட்கலை உறுதியாக எடுத்துத் தருவேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பவரிடம் பணம் கொடுக்க நான் தயங்குவேன்.

என் தாயாரோடு வைத்தியத்துக்குப் போனபோது, ஒரு முகவர் தந்த தாளை நான் நன்றாகப் பார்க்காமல் மடித்து வைத்துக்கொண்டேன். அதில் பெயரும் ரயிலும் திகதியும் எல்லாம் இருந்தன. பக்கத்தில் சிறிய எழுத்தில் காத்திருப்பு எண் இருந்தது. அட்டவணை தயாரானபின் அந்தச் சீட்டே இல்லாமற் போயிற்று. பணம் முகவரின் கணக்குக்குத் திரும்பியது. அதை அவரிடமிருந்து பெற மேலும் சில வாரங்கள் ஆயின. நோயாளியான அம்மாவை இரவெல்லாம் பேருந்தில் உட்கார வைத்துக் கொண்டுபோன அந்தப் பயணத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே முகவரிடம் போகிறவர், தாளை வாங்குமுன் மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும். சீட்டின் பதிவு எண்ணான பத்து இலக்க பிஎன்ஆர் என்ன, அதன் நிலை உறுதியா காத்திருப்பா, இரத்துச் செய்தால் பணம் எத்தனை நாளில் யார் மூலம் திரும்பும். பிஎன்ஆர் எண்ணை வைத்து நிலையை நீங்களே இணையத்தில் பார்க்கலாம். 2025இல் நடந்த மாற்றங்களின்பின் அட்டவணை, ரயில் புறப்படுவதற்குச் சுமார் பத்து மணி நேரம் முன்பே தயாராகிறது. காலை 5 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் புறப்படும் ரயில்களுக்கு முதல்நாள் இரவு 8 மணிக்கே தயாராகிவிடும். முன்பு நான்கு மணி நேரமே இருந்தது. மாற்று ஏற்பாடு செய்ய நமக்கு இது பெரிய உதவி.

நிலையத்து முற்பதிவு அலுவலகமும் வெளிநாட்டார் ஒதுக்கீடும்

இந்தியாவுக்குப் போய் இறங்கியபின் நிலையத்தில் நேரே வாங்குவது நான்காவது வழி. படிவம் நிரப்பி, கடவுச்சீட்டைக் காட்டி, பணம் கொடுத்து, அச்சிட்ட சீட்டைக் கையோடு வாங்கலாம். அட்டையும் ஓடிபியும் தேவையில்லை. இதற்குக் கொடுக்கும் விலை அரை நாள். இரண்டு வாரம் தங்குகிறவருக்கு அது பெரிதல்ல. ஐந்து நாளில் திரும்புகிறவருக்கு அது பயணத்தின் பத்தில் ஒரு பங்கு.

நம்மவர் பலருக்குத் தெரியாத வசதி, வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கென்று சில ரயில்களில் ஒதுக்கப்பட்ட இடங்கள். தமிழ் பேசுகிற காரணத்தால் நாம் அங்கே வெளிநாட்டார் என்ற நினைப்பு நமக்கே வருவதில்லை. ஆனால் கையிலிருப்பது இலங்கைக் கடவுச்சீட்டும் இந்திய விசாவும். சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தின் முற்பதிவு நிலையத்திலும் புதுதில்லி நிலையத்தின் பன்னாட்டுச் சுற்றுலாப் பயணிகள் பிரிவிலும் இதைக் கேட்கலாம். இணையத்திலும் இந்த ஒதுக்கீடு உண்டு. இதற்கு முற்பதிவுக் காலம் 60 நாள் அல்ல, 365 நாள். குறையும் உண்டு: எல்லா ரயிலிலும் எல்லா வகுப்பிலும் இது இல்லை, உயர்ந்த குளிரூட்டிய வகுப்புகளிலேயே பெரும்பாலும் கிடைக்கும், கட்டணமும் சாதாரணச் சீட்டைவிட அதிகம். தமிழ்நாட்டுக்குள் ஓர் இரவுப் பயணத்துக்கு இதை நாடத் தேவையில்லை. காசிக்கு இரண்டு இரவு ரயிலில் இருக்கப்போகிற வயோதிபத் தம்பதிக்கு, அந்த அதிகக் கட்டணம் நியாயமானது என்பதே என் எண்ணம்.

ரயிலை விட்டுவிடுவது

தமிழ்நாட்டுக்குள் பயணம் செய்கிறவர், ரயில் கிடைக்கவில்லை என்று கலங்கத் தேவையில்லை. சென்னையிலிருந்து தெற்கே போகும் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. அது விமான நிலையத்துக்குத் தெற்கே இருப்பதால், நகரத்துக்குள் போய் மீளும் அலைச்சல் இல்லை. அரசுப் பேருந்துகளிலும் தனியார் படுக்கைப் பேருந்துகளிலும் கடைசி நாளில்கூட இடம் கிடைக்கும். பண்டிகைக் காலத்தில் தனியார் கட்டணம் பலமடங்கு ஏறும் என்பதும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் கழிப்பறை இல்லாத எட்டு மணி நேரம் துன்பம் என்பதும் இதன் மறைந்த செலவுகள். மூன்று மணி நேரத்துக்குட்பட்ட பகற்பயணமாயின், முற்பதிவற்ற பயணிகள் ரயிலுக்கு அன்றே சீட்டெடுத்துப் போவது எல்லாவற்றிலும் எளிது.

எவருக்கு எது

வேலூர் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இறங்கும் நிலையம் காட்பாடி என்பது. அங்கே போகும் ரயில்கள் பெரும்பாலும் சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும், எழும்பூரிலிருந்து அல்ல. போகும் நாள் நிச்சயம், திரும்பும் நாள் நிச்சயமில்லை. போகும் சீட்டைத் தன் கணக்கில் வாங்கிவிட்டு, திரும்புவதற்கு அங்கே கவுன்டரிலோ பேருந்திலோ பார்த்துக்கொள்ளலாம். இரண்டரை மணி நேரத் தொலைவுக்குத் தட்கல் கட்டணம் கொடுப்பது வீண்.

சிதம்பரம் போகிறவருக்குத் திகதி கோயில் நாளால் முன்பே தீர்மானமானது. அறுபது நாள் கணக்கை நாட்காட்டியில் குறித்துவைத்து வாங்குவதே போதும். திருவாதிரை, ஆனித் திருமஞ்சன நாட்களுக்கு மட்டும் உறவினரின் ஆதார் கணக்கை நாடலாம். சென்னையில் இறங்குகிறவர், விமான நிலையத்துக்கு எதிரேயுள்ள திரிசூலம் நிலையத்தில் மின்சார ரயில் பிடித்துத் தாம்பரத்துக்குப் போய், தெற்கே போகும் பல ரயில்களில் அங்கேயே ஏறலாம். ஏறும் நிலையமாகத் தாம்பரத்தைப் பதிவு செய்தால் எழும்பூர்வரை போகவேண்டாம். திரும்பும்போது சிதம்பரம் போன்ற இடைநிலையத்திலிருந்து எடுக்கும் சீட்டு காத்திருப்பில் விழுந்தால், அது உறுதியாகும் வாய்ப்புக் குறைவு. அந்நிலையில் ரயிலின் தொடக்க நிலையத்திலிருந்து சீட்டெடுத்து, ஏறும் இடத்தைச் சிதம்பரம் என்று மாற்றினால் சில ரூபாய் கூடும், ஆனால் இடம் கிடைக்கும் வாய்ப்பும் கூடும்.

இராமேசுவரத்துக்கு, புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டபின், ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது. 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் தலைமன்னார் வழியாகக் கொழும்புவரை வந்துசேர முடிந்தது. நம் பாட்டன்மார் இத்தனை வழிகளை எடைபோட வேண்டியிருக்கவில்லை. காசியிலிருந்து இராமேசுவரம் என்று முறையாக யாத்திரை செய்கிறவர்கள், வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் ரயில்களையே பெரிதும் நம்பவேண்டியிருப்பதால், முதலில் அந்த ரயிலின் கிழமையையும் சீட்டையும் உறுதிசெய்து, அதற்கேற்ப விமானத் திகதியை வாங்க வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்து, விமானத்தை வாங்கியபின் ரயிலைத் தேடுகிறார்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் திரும்பும் விமானத்துக்கோ கப்பலுக்கோ முந்திய கடைசி ரயிலை மட்டும் காத்திருப்புப் பட்டியலுக்கு விடாதீர்கள். அந்த ஒரு சீட்டை மற்றெல்லாவற்றுக்கும் முன்பாக வாங்குங்கள், அதுவும் விமானம் புறப்படும் நாளின் காலையில் போய்ச்சேரும் ரயிலில் அல்லாமல், அதற்கு முதல்நாள் சேரும் ரயிலில்.